சுவரிலிருந்து இரண்டாவது

கிடங்கில் அவருக்குக் கடைசி மூட்டை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. கூப்பிட ஆளில்லாமல் அது எப்போதோ துருப்பிடித்துவிட்டது. லாரி வந்து பின்பலகையை இறக்கியதும் அவர் மேலே ஏறி நின்றுகொள்வார். கீழே வரிசையாக வந்து முதுகைக் கொடுக்கும் ஆட்களுக்கு மூட்டையை அசைத்து, சரித்து, பொருத்திவிடுவது அவர் வேலை. எல்லாம் இறங்கிய பிறகு மூலையில் ஒரு மூட்டை மிஞ்சும். அதைத் தூக்கிவிட மேலே ஆள் கிடையாது. தானே குனிந்து, தானே முழங்காலை முட்டுக்கொடுத்து, தன் முதுகில் தானே ஏற்றிக்கொண்டு இறங்குவார். தண்ணீர் வந்தால் அடியில் கலங்கின தண்ணீர் அவருக்கு. டீ வந்தால் ஏடு படிந்த டீ அவருக்கு.

“பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு உலகமே ஓடுது. இந்த ஆளு ரெண்டுக்கும் பிந்தி நிக்கிறாரேடா” என்று கூட்டாளிகள் சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார். சுமைக் கூட்டத்துக்குத் தலையாள் அவர். தலையாள் கடைசியில் நின்றால்தான் கூட்டத்தில் சண்டை வராது. அவர் படித்த படிப்பு அது ஒன்றுதான்.

அந்தப் பழக்கத்தை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவந்துவிட்டார். வினை அங்கேதான் பிடித்தது.

அவர் மனைவி அதே கிடங்கில் மூட்டை வாய் தைக்கிறவள். கோணி ஊசி நின்றாலும் அவள் பேச்சு நிற்காது. சாக்கின் வாயைத் தைக்கிறவளுக்கு வாய் தைக்க இன்னும் ஊசி செய்யவில்லை என்பது கிடங்கின் பழைய கேலி. தூசியில் இருமினாள், இருமலோடு காய்ச்சல் வந்தது, ஒரு மத்தியானம் நூலை இழுக்கக் கை உயர்த்தியவள் அப்படியே மூட்டை மேல் சாய்ந்துவிட்டாள். வண்டி பிடித்து அவர்தான் கொண்டுவந்தார். வழியெல்லாம் அவள் மூச்சு, ஓட்டைத் துருத்தி மாதிரி இரைந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவிலும் அவள் பேசினாள்.

“நான் வீட்டுக்குத் திரும்பி வருவேனா?”

“வாய மூடிக்கிட்டு வா” என்றார் அவர்.

மூச்சை வீணாக்காதே என்பதுதான் அவர் நெஞ்சில் இருந்தது. வாயில் வந்தது வேறு. லாரி மேல் நின்று ஆட்களை அதட்டி அதட்டிப் பழகிய குரலில் வந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். முகத்தைத் திருப்பித் தெருவைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுகட்டிலில் ஏற்றினார்கள், கதவுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள், தொண்டைக்குள் குழாய் போட்டார்கள். ஆகவே அவர் அவளிடம் சொன்ன கடைசிச் சொல் அதுதான். சரிகிற மூட்டையைத் தோள் கொடுத்து நிறுத்தலாம். சரிந்த சொல்லை எதைக் கொடுத்து நிறுத்துவது? நேரில் போய்த்தான் நிமிர்த்த வேண்டும். அவளிடம் போக வேண்டும். அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும். அவருக்கு இருந்த காரியம் இவ்வளவே.

ஆனால் ஐசியூவில் ஒரு சட்டம் இருந்தது. சாயங்காலம் ஒரே ஒருவர். ஐந்து நிமிடம். அதோடு அந்த நாள் முடிந்தது. யார் அழுதாலும், யார் எங்கிருந்து வந்தாலும், மறுநாள்தான். கதவுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளிக்கு, வெளியே காத்துக் கிடக்கிற குடும்பங்கள் சேர்ந்து பூட்டு என்று பெயர் வைத்திருந்தன. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று அவன் காதில் விழும்படியே பேசுவார்கள். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். “நான் என்ன பண்றது? சாமியே இங்க சீட்டு வாங்கிட்டுத்தான் உள்ள போகணும்” என்பான்.

முதல் நாள் மகளை அனுப்பினார். பெற்ற பெண், அவள்தான் போக வேண்டும். மறுநாள் மனைவியின் தம்பி, ராத்திரியெல்லாம் பஸ்ஸில் தூங்காமல் வந்து சேர்ந்தான்.

“மாமா, இன்னிக்கு நீங்க போங்க. நான் நாளைக்குப் பாத்துக்கறேன்.”

“நீ தூரத்துலேர்ந்து வந்திருக்க மச்சான். நீ போ. நான் இங்கேயேதான் கெடக்கேன்.”

“லாரியிலதான் கடைசி, ஆஸ்பத்திரியிலயுமா? உள்ள படுத்திருக்கறது உங்க பொண்டாட்டிதானே? இல்ல, எனக்கு மட்டும்தான் அக்காவா?”

அவர் பல்லைக் காட்டிச் சமாளித்தார். மச்சான் உள்ளே போனான். போகும்போது வீராப்பாகப் போனவன், வெளியே வந்ததும் பச்சை அங்கியைக் கழற்றக்கூடத் தெரியாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். பூட்டுதான் முடிச்சை அவிழ்த்துவிட்டான்.

அதற்கடுத்த நாள் அவர் போவதாகத்தான் இருந்தது. மத்தியானமே முகம் கழுவி உட்கார்ந்திருந்தார். அப்போது பார்த்து மனைவியின் அக்காள் வந்து இறங்கினாள். ஒரு தையல் மிஷினை யார் வைத்துக்கொள்வது என்று வந்த சண்டையில் அக்காளும் தங்கையும் முகம் பார்த்தே பல வருஷம். அவள் நடைவழியிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

“அவகிட்ட ஒரு வார்த்த பேசலன்னா என் கட்டை வேகாது தம்பி. அந்த மிஷினத் தூக்கிக் கெணத்துல போடறேன். ஒரு வார்த்த, ஒரே வார்த்த.”

“போங்கக்கா” என்றார் அவர். வேறென்ன சொல்வார்? தனக்கும் ஒரு வார்த்தைதான் பாக்கி என்று வரிசையில் முந்தி நிற்க அவருக்குத் தெரியாது.

அக்காள் ஐந்து நிமிடம் கழித்து வெளியே வந்தபோது முகம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. “சொல்லிட்டேன் தம்பி. கண்ண மூடித் தொறந்தா. போதும், மன்னிச்சிட்டா” என்றாள். பெஞ்சில் சாய்ந்ததும் குறட்டை விட்டுத் தூங்கினாள். அந்தக் குறட்டையைக் கேட்டபோது அவருக்கு வயிறு எரிந்தது. ஐந்து நிமிடத்தில் பல வருஷத்துப் பாரத்தை இறக்கிவைத்துவிட்டாளே இவள்!

பொறாமைப்பட்டாரே தவிர, அதற்குப் பிறகும் அவர் போகவில்லை. கிடங்கில் அவளோடு உட்கார்ந்து தைக்கும் பெண் வந்தாள், அவளை விட்டார். மறுபடி மகள், மறுபடி மச்சான். விட்டுக்கொடுக்கிறவருக்கு நல்ல பெயர்தான். நடைவழியில் மற்றக் குடும்பத்தார்கூட, “என்ன மனுஷன்யா” என்றார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு அவர் தலையைக் குனிந்துகொள்வார். உண்மை அவருக்குத் தெரியும். பாதி பழக்கம், பாதி பயம். உள்ளே போய் நின்று, தன்னைப் பார்த்ததும் அவள் அன்றைக்கு மாதிரியே முகத்தைத் திருப்பிக்கொண்டால்? அதற்குப் பிறகு எந்தக் கதவில் போய் நிற்பது? கடைசியில் நிற்கிறவனுக்கு ஒளிந்துகொள்ள முன்னால் நாலு முதுகு கிடைக்கும்.

மகள்தான் ஒருநாள் பிடித்துக்கொண்டாள். மாடிப்படிக்குக் கீழே, வாளியும் துடைப்பமும் வைக்கிற இடத்தில் அவரைத் தனியாக இழுத்துப்போய்க் கேட்டாள்.

“ஏம்ப்பா நீ போகவே மாட்டேங்கற?”

“எல்லாரும் பாக்கட்டும்னுதாம்மா.”

“எல்லாரும் பாத்தாச்சு. டீக்கடைக்காரர் ஒருத்தர்தான் பாக்கி, அவரையும் கூட்டிட்டு வரட்டுமா?”

அவர் வாளியை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

“கேளுப்பா. இப்ப தூக்க மருந்தக் கொறச்சிட்டாங்க. அம்மா முழிச்சிட்டுத்தான் இருக்கா. யார் உள்ள போனாலும் அவங்களத் தாண்டிக் கதவையே பாக்குறா. பின்னால இன்னொரு ஆளு வருதான்னு பாக்குறா. வரலன்னதும் கண்ண மூடிக்கறா. தெனமும் இதேதான். எனக்கு அதப் பாத்துட்டு வெளிய வரவே கால் வரலப்பா.”

“உள்ள போனா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாதும்மா.”

“ஓட வேண்டாம். நீ போய் நின்னா போதும்.”

அன்று சாயங்காலத்துக்கு அவர் தயாரானதைப் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை தோற்றான். ஆஸ்பத்திரிக் குழாயடியில் குளித்தார். நகத்தில் அடைந்திருந்த அழுக்கைக் குச்சியால் சுரண்டினார். மச்சான் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, “அக்கா இந்தச் சட்டையப் பாத்து நான்னு நெனச்சுத் திட்டப்போறா” என்றான். மகள் பாடம் சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள்.

“மொகம் ஊதிப்போயிருக்கும். வாயில குழாய், அது நழுவாம கன்னத்துல பிளாஸ்திரி, தலையில குல்லா. அடையாளமே தெரியாது. பாத்ததும் அங்கேயே உக்காந்துடாத. போற வழியில மத்த கட்டிலப் பாக்காத, மனசு விட்டுப்போயிடும். நேரா போ. ரெண்டாவது கட்டில்.”

“ரெண்டாவது கட்டில்” என்று அவர் திருப்பிச் சொன்னார்.

பூட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான். “நீங்கதான் வீட்டுக்காரரா? இத்தன நாளா உங்களச் சாமான் தூக்க வந்த ஆளுன்னுல்ல நெனச்சேன்!”

“சாமான் தூக்கற ஆளுதாங்க” என்றார் அவர்.

அவனே அங்கியை மாட்டி முதுகுப்பக்கம் முடிச்சுப் போட்டான். குல்லா, முகமூடி. கண் மட்டும்தான் வெளியே. அவ்வளவு மூடினாலும் அவருடைய நடையை மூடத் துணி இல்லை. வருஷக்கணக்காகச் சுமந்த முதுகு, வெறும் ஆளாக நடக்கும்போதும் ஒரு மூட்டை இருக்கிற மாதிரியே முன்னால் வளைந்திருக்கும். கால் இரண்டும் அகலமாகத் தரையைத் தேய்க்கும். ஊர் இருட்டிலும் அது யார் நடை என்று சொல்லிவிடலாம்.

உள்ளே குளிர் அடித்தது. ஒரே நீளமான அறை. சுவரோரம் வரிசையாக ஆறு கட்டில்கள். கட்டிலுக்கொரு இயந்திரம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு குரலில் கூவிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் ஒரு செவிலி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். வழக்கமாக இருக்கிறவள் இல்லை, புதியவள்.

“யாருக்கு வந்திருக்கீங்க? ரெண்டாவது பெட்டா? போங்க. அஞ்சே நிமிஷம், எதையும் தொடாதீங்க” என்றாள், திரும்பாமலே.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மகள் சொன்னது ஒரு பக்கம். அடுத்த வீட்டுப் பெண்பிள்ளைகள் அலங்கோலமாகக் கிடக்கிற இடத்தில் கண்ணை மேயவிடக் கூடாது என்கிற கூச்சம் ஒரு பக்கம். தரையில் பதித்த கல்லைப் பார்த்தபடியே நடந்தார். நேராக உள்சுவர் வரைக்கும் நடந்தார்.

கிடங்கில் எண்ணிக்கை சுவரிலிருந்துதான் தொடங்கும். முதல் மூட்டையைக் கொண்டுபோய் உள்சுவரோடு ஒட்டி வைப்பார்கள். அது ஒன்றாம் அடுக்கு. அதற்கு முன்னால் வைப்பது இரண்டு. அப்படியே நிரம்பி நிரம்பிக் கடைசி அடுக்கு கதவோரம் வந்து நிற்கும். கதவிலிருந்து எண்ணுகிறவனைக் கிடங்கில் புது ஆள் என்று கேலி செய்வார்கள். முப்பது வருஷமாக அவர் கால் அப்படித்தான் எண்ணியிருக்கிறது. சுவரோரம் இருந்த கட்டிலை ஒன்று என்று கால் எண்ணியது. அதற்கு முந்தின கட்டிலில் நின்றது.

தலைமாட்டுச் சுவரில் எண் எழுதிய பலகை இருந்திருக்கலாம். இயந்திரம் அதை மறைத்துக்கொண்டிருந்தது. அவரும் தேடவில்லை.

நிமிர்ந்து பார்த்தார். ஊதின முகம். வாயில் குழாய், கன்னத்தில் பிளாஸ்திரி, தலையில் குல்லா. கண் மூடியிருந்தது. மகள் அவ்வளவு சொல்லியும், இப்படி ஆள் அடையாளமே இல்லாமல் போவாள் என்று அவர் நினைக்கவில்லை. தொடாதே என்றார்களே என்று ஒரு கணம் தயங்கிவிட்டு, போர்வைக்கு வெளியே கிடந்த கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். கை மெத்தென்று இருந்தது. கோணி ஊசி பிடித்துக் காய்ப்பேறிய கை, வேலையில்லாமல் கிடந்ததில் இளகிவிட்டது போலும் என்று நினைத்தார். இத்தனை வருஷத்தில் இந்தக் கைக்கு இப்போதுதான் ஓய்வு.

“நான்தான் வந்திருக்கேன். லேட்டாயிடுச்சு” என்றார். முகமூடிக்குள் சூடாக இருந்தது. “அன்னிக்கு வண்டியில உன்ன வாய மூடிக்கிட்டு வான்னு சொன்னேன்ல? அது அப்படி இல்ல. மூச்சு வீணாப் போகுதேன்னு பயந்துட்டேன். பயத்துல கொரல் அப்படி வந்துடுச்சு. நீ பேசு. எழுந்து வந்து நாள் பூரா பேசு. என்னத் திட்டு, கிடங்குக்கே கேக்கற மாதிரி திட்டு. நீ கேட்டியே, திரும்பி வருவேனான்னு. வருவடி. வராம எங்க போவ?”

சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. கல்யாணமான புதிதில் அவளிடம் சொல்லாமல் விட்டது, மகள் பிறந்தபோது சொல்லத் தெரியாமல் நின்றது, அவள் தைக்கும்போது பேசுகிற பேச்சைக் கேட்டால்தான் தனக்கு மூட்டை கனக்காது என்பது. ஆயுளுக்கும் பேசாத பேச்சு அது. கைக்குள் இருந்த விரல் ஒன்று அசைந்தது. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கேட்டுவிட்டாள்!

“டைம் ஆச்சுங்க” என்று செவிலி குரல் கொடுத்தாள்.

கையைப் போர்வைமேல் வைத்துவிட்டு, வந்த மாதிரியே தரையைப் பார்த்துக்கொண்டு வெளியே நடந்தார். கதவை நெருங்கும்போது எங்கேயோ டக், டக், டக் என்று இரும்பு அதிர்கிற சத்தம் கேட்டது. ஏதோ ஒரு இயந்திரம் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

வெளியே வந்தவரைப் பார்த்து மச்சான் வாயைப் பிளந்தான். மனிதர் முகத்தில் பத்து வயசு குறைந்திருந்தது. டீக்கடையில் கண்ணாடித் தம்ளரை எல்லோருக்கும் முந்தி எடுத்து, ஆவி பறக்கப் பறக்கக் குடித்தார்.

“மாமா, சுடுதுன்னு சொல்லத் தெரியுமா? உங்களுக்கு ஆறின டீதானே பழக்கம்” என்றான் மச்சான்.

“எல்லாம் சொல்லிட்டேன் மச்சான். கேட்டுட்டா. வெரல அசைச்சா.”

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “உன்னப் பாத்ததும் என்ன பண்ணினா?”

“கண்ணத் தொறக்கலம்மா. மூடித்தான் இருந்தா. ஆனா கேட்டா.”

“தொறக்கலையா? மத்தியானம் போன்ல, நல்லா முழிச்சிருக்காங்கன்னுதானே சொன்னாங்க.” மகள் ஒரு வாய் டீ குடித்தாள். “கைக்கட்ட அவுத்துட்டாங்களா?”

“என்ன கட்டு?”

“குழாயப் புடுங்கறான்னு ரெண்டு கையையும் கட்டில் கம்பியோட துணியால கட்டியிருந்தாங்களேப்பா.”

“கட்டெல்லாம் ஒண்ணும் இல்ல. கைய எடுத்து இப்படிப் புடிச்சுக்கிட்டேனே. கால்லதான் பெரிய கட்டுப் போட்டிருந்தாங்க. கால்ல என்னம்மா ஆச்சு அவளுக்கு?”

மகள் தம்ளரைக் கீழே வைத்தாள். வைத்த கை அங்கேயே நின்றது. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து கிடங்கு வாசலில் விளையாடி வளர்ந்தவள். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

“எந்தப் பக்கத்துலேர்ந்துப்பா எண்ணுன?”

“உள்ளேர்ந்துதான்.”

சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சொல் அவருக்கே கேட்டது. டீக்கடைக்காரர் வேறு யாருக்கோ சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு லாரி பின்பக்கமாக நகர்ந்தது. மச்சான் ஒன்றும் புரியாமல், “என்னாச்சு, என்னாச்சு?” என்றான். மகள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

மூட்டை தூக்குகிறவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. அன்று ஓடினார். மாடிப்படியெல்லாம் ஓடி ஏறிப் பூட்டின் முன்னால் போய் நின்றார். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்.

“தப்பான கட்டில்ல நின்னுட்டேங்க. வேற பொம்பளகிட்டப் பேசிட்டு வந்துட்டேன். ஒரு நிமிஷம் விடுங்க.”

பூட்டு முதலில் சிரிக்கப் பார்த்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். முக்காலியிலிருந்து எழுந்துவிட்டான். “ஐயா, உங்க வீட்டுல ஒருத்தர் இன்னிக்கு உள்ள போயிட்டு வந்தாச்சுன்னு கணக்காயிடுச்சு. மறுபடி விட்டா என் சோத்துல மண்ணு விழுந்துடும். இருங்க, சிஸ்டரக் கூப்பிடறேன். அது ஒண்ணுதான் என்னால முடியும்.”

அந்தப் புதிய செவிலி கதவை ஒரு சாண் திறந்து எட்டிப் பார்த்தாள். சின்னப் பெண். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“ரெண்டாவது பெட் அம்மாவா? இப்பதான் தூங்க வெச்சோம். ரொம்பத் துடிச்சிட்டாங்க. கட்டின கையாலயே கம்பியத் தட்டித் தட்டி, மணிக்கட்டு தோல் உரிஞ்சு, ரத்த அழுத்தம் ஏறிடுச்சு. அதனால மருந்து போட்டிருக்கோம்.”

“எப்பம்மா தட்டினா?”

“பார்வையாளர் நேரத்துலதான். அதுவரைக்கும் அமைதியாத்தான் இருந்தாங்க.”

அவர் கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அந்த டக், டக், டக் இப்போது காதுக்குள் கேட்டது. அந்த வளைந்த முதுகு உள்ளே வந்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கைக்கு எட்டுகிற தூரத்தில் அவளைத் தாண்டிக்கொண்டு போயிருக்கிறார். கடைசி வரைக்கும் போய், எவளோ ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். அவள் வாயில் குழாய். கூப்பிட முடியாது. திரும்பி வரும்போதாவது பார்ப்பார் என்று தட்டியிருக்கிறாள். அப்போதும் தரையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

“அவ முழிச்சதும் ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்கம்மா. உன் வீட்டுக்காரன் சுவர்லேர்ந்து எண்ணிட்டான்னு சொல்லுங்க. அது போதும், அவளுக்குப் புரிஞ்சிடும்.”

“சொல்றேங்கய்யா” என்றாள் செவிலி. கேலி செய்யவில்லை, சொல்ல வேண்டும் என்றே நினைத்துச் சொன்னாள். கதவு மூடிக்கொண்டது.

மறுநாள் விடிந்ததிலிருந்து அவர் கதவுக்கு நேராக உட்கார்ந்திருந்தார். இன்று யார் வந்து காலில் விழுந்தாலும் விட்டுக்கொடுப்பதில்லை என்றிருந்தார். யாரும் கேட்கவும் இல்லை. அக்காள்கூட எட்டத்திலேயே உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அவர் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே இருந்தார்: கதவிலிருந்து ஒன்று, கதவிலிருந்து இரண்டு. முப்பது வருஷத்துக் காலைத் திருப்பிப் பழக்கிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் ஒரு டாக்டர் வெளியே வந்து பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். உள்ளே ஒரு நோயாளிக்குத் தொற்றுக் கிருமி இருக்கிறது, மற்றவர்களுக்குப் பரவாமல் பார்க்க வேண்டும், ஆகவே இன்று பார்வையாளர் கிடையாது. யாருக்கும் கிடையாது. நடைவழி முழுக்க ஒரு முனகல் எழுந்து அடங்கியது. அவர் முனகவில்லை. பூட்டிடம் போனார்.

“நேத்து இருந்த சிஸ்டர்?”

“அவங்க ஷிஃப்ட் காலையிலேயே முடிஞ்சிடுச்சுய்யா.”

“அவ முழிச்சாளா? சிஸ்டர் சொன்னாங்களா அவகிட்ட? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

பூட்டு உள்ளே போய்விட்டு நேரம் கழித்து வந்தான். வந்தவன் அவரை நேராகப் பார்க்கவில்லை. “இப்ப இருக்கற சிஸ்டருக்கு எதுவும் தெரியலைங்க. உங்க வீட்டம்மாவுக்கு... இன்னும் மயக்கம் தெளியலையாம். ஜுரம் ஏறுதாம். டாக்டர் பக்கத்துலதான் இருக்காராம்.”

“மருந்தோட மயக்கமா, நோயோட மயக்கமா?”

“அத நான் எப்படிங்கய்யா கேக்கறது?”

சாயங்காலம் கூப்பிட்டு ஒரு தாளில் மகளிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. டீ வந்தது, எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் எல்லாத் தம்ளரும் ஆறின.

மறுநாள் காலையில் அவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது பூட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தான். எப்போதும் ஒரு கதவை மட்டும் பாதி திறக்கிறவன், அன்று இரண்டு கதவையும் விரியத் திறந்துவைத்தான். அதைப் பார்த்ததுமே அக்காள் பெருங்குரலெடுத்துவிட்டாள்.

“எல்லாரும் போகலாங்க” என்றான் பூட்டு. குரல் கம்மியிருந்தது. “அங்கி வேண்டாம். அவசரம் இல்ல. எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருங்க.”

கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். வழக்கம்போல் அவர் எல்லோருக்கும் பின்னால் நின்றார். மச்சான்தான் விலகி வழிவிட்டு, அவர் முழங்கையைப் பிடித்து முன்னால் நகர்த்தினான். “நீங்க முதல்ல மாமா” என்றான்.

குழாயை எடுத்துவிட்டார்கள். கன்னத்தில் பிளாஸ்திரி இருந்த இடம் சிவந்து கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கைக்கட்டை அவிழ்த்து, இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்திருந்தார்கள். முகம் ஊதித்தான் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

“பேசுப்பா” என்றாள் மகள். “சொல்ல வேண்டியதச் சொல்லிடுப்பா.”

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. இருந்ததையெல்லாம் சுவரிலிருந்து இரண்டாவதாக இருந்த அந்தக் கட்டிலில் இறக்கிவைத்தாயிற்று. அங்கே இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாளின் மூச்சு ஏறி இறங்கும் சத்தம் திரைக்கு இந்தப் பக்கம் கேட்டது. இங்கே நேரம் குவியல் குவியலாகக் கிடந்தது. யாரும் மணி பார்க்கவில்லை. யாரும் போகச் சொல்லவில்லை.

அவர் திரையை விலக்கிக் கதவுப் பக்கம் பார்த்தார். விரலை நீட்டி எண்ணினார். கதவிலிருந்து ஒன்று. இரண்டு. மறுபடி எண்ணினார். பிறகு கால்மாட்டில் நின்ற செவிலியிடம் திரும்பினார்.

“அம்மா, கோவிச்சுக்காதீங்க. எனக்கு என் கண்ணு மேல நம்பிக்கை இல்ல. இது என் பொண்டாட்டிதானான்னு நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லிடுங்க.”

செவிலி குனிந்து, தோல் உரிந்த மணிக்கட்டில் இருந்த, பெயர் எழுதிய பட்டையைத் திருப்பிப் படித்தாள்.

“ஆமாங்கய்யா” என்றாள்.

அதன் பிறகுதான் அவர் அந்தக் கையைத் தொட்டார்.